தாண்டாத பஸ்

பஞ்சுவின் மனைவி சைக்கிள் வாங்கப் போகிறாள் என்கிற செய்தி டிப்போ முழுக்கப் பரவ ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. பஞ்சு என்பது அவருடைய சொந்தப் பேர் இல்லை. அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிற பயணிகூட முன்னால் சாயமாட்டான், பஸ் பஞ்சில் போய் முட்டி நின்ற மாதிரி இருக்கும் என்று ஒரு மெக்கானிக் வைத்த பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டில் இருக்கிற பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

"என்னண்ணே, அண்ணி நம்ம தொழிலுக்கே போட்டியா வர்றாங்களாமே?" என்றான் சில்லறை. அவன் அவருடைய கண்டக்டர். சில்லறை கொடு, சில்லறை கொடு என்று ஊர் உயிரை வாங்கியதற்கு ஊர் திருப்பிக் கொடுத்த பேர் அவனுக்கு அது.

பஞ்சு சிரிக்கவில்லை. முன் சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டிக் காற்றுப் பார்த்தார்.

"உனக்கென்னடா, நீ பின்னாடி நின்னு டிக்கெட் கிழிக்கிற. சைக்கிள்ல போறவன நான்தானே பார்க்கிறேன். மேலேர்ந்து பார்த்தா ஒரு உச்சந்தலையும் ரெண்டு முழங்கையும்தான் தெரியும். ஆளே அவ்வளவுதான். ஒரு கல்லு தடுக்கினா அதுவும் இருக்காது."

"அதுக்காக எல்லாரும் செத்தா போறாங்க?"

"வாயக் கழுவு" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். அன்றைக்குச் சாயங்காலம்தான் கடைக்குப் போவதாக இருந்தார்கள்.

அவர் மனைவிக்குக் குளிர்பானத் தொழிற்சாலையில் பாட்டில் பார்க்கிற வேலை. கழுவின பாட்டில்கள் வரிசையாக ஒரு வெள்ளைவெளிச்சப் பலகைக்கு முன்னால் ஓடிவரும். இவள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வாய் உடைந்தது, அடியில் அழுக்கு ஒட்டினது, மயிரிழை விரிசல் விட்டது எல்லாவற்றையும் கையை நீட்டி எடுத்துக் கூடையில் போட வேண்டும். கண்ணுக்கும் வலது கைக்கும்தான் வேலை, மற்ற உடம்பு சும்மா கிடக்கும். அப்படிச் சும்மா கிடந்து கிடந்தே அவளுக்குக் காலில் நீர் கோத்துக்கொண்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை எங்கேயோ ஏறிப்போயிருந்தது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பேச்சில் வெண்ணெய் பூசத் தெரியாதவள்.

"நடந்தா முட்டி வலிக்குதுங்கறீங்க. நீச்சல் தெரியாதுங்கறீங்க. அப்ப சைக்கிள் ஓட்டுங்க. உடம்புப் பாரத்தை சீட்டு வாங்கிக்கும், முட்டி தப்பிச்சிடும். ஒரு ஆறு மாசம் பார்ப்போம். அப்பவும் சர்க்கரை இறங்கலைன்னா ஊசிதான்."

"வீட்டுக்குள்ளேயே நிறுத்தி வெச்சு மிதிக்கிற மாதிரி ஒண்ணு இருக்குதே டாக்டர்?" என்று பஞ்சு குறுக்கே விழுந்தார்.

டாக்டர் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி சொல்லிவிட்டாள். "நாள் பூரா ஒரே இடத்துல உட்கார்ந்து பாட்டிலப் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தும் ஒரே இடத்துல உட்கார்ந்து சுவத்தப் பார்க்கணுமா? நான் ரோட்டுலயே ஓட்டிக்கிறேன் டாக்டர்."

ஊசி என்ற வார்த்தைக்கு அவள் பயப்படவில்லை, அதற்கு அப்புறம் வருவதற்குத்தான் பயந்தாள். அவளுடைய அக்கா ஊசியில் தொடங்கித்தான் போன வருஷம் ஒரு பாதத்தைப் பறிகொடுத்தாள். முதலில் கட்டைவிரல், அப்புறம் பாதி, அப்புறம் மொத்தமும். அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, போர்வைக்கு அடியில் இல்லாத பாதம் அரிக்கிறது என்று சொன்ன அன்றைக்கு இவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து தினமும் குளித்துவிட்டு வந்து தன் காலை இரண்டு கையாலும் பிடித்துப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. பஞ்சு அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் அந்தப் பயம் எங்கேயோ தூரத்தில் வருகிற வண்டி. சைக்கிள் பயமோ பஸ் கண்ணாடிக்கு முன்னால் தினமும் நிற்கிறது.

சைக்கிள் கடையில் அவர் பண்ணின அமர்க்களத்தைச் சொல்லி மாளாது. பஸ் எடுக்க வந்தவர் மாதிரி ஒவ்வொரு சைக்கிளையும் குலுக்கிப் பார்த்தார், கம்பியைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார், கடைசியில் பால்காரர்கள் கேன் கட்டிக்கொண்டு போகிற கனத்த சைக்கிள் ஒன்றின் மேல் கையை வைத்தார்.

"இதுதான் உறுதி. எது மோதினாலும் தாங்கும்."

"சைக்கிள் தாங்கும் சார், அம்மா தாங்குவாங்களா?" என்றாள் கடைக்காரி. வாயாடி. ஒரு காதில் போன், ஒரு கையில் துடைக்கிற துணி, இரண்டுக்கும் நடுவில் வியாபாரம். "ஏத்தத்துல இதத் தள்ளிக்கிட்டுத்தான் போகணும். உடம்பு இளைக்க சைக்கிள் வாங்குறீங்களா, இல்ல உயிர் போகவா?"

குனிந்து ஓட்டுகிற மெல்லிய சைக்கிளை அவளே வேண்டாம் என்றாள். "முதுகு பழகினவங்களுக்கு அது." முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்த தடிச்சக்கர சைக்கிளை அவர் ஆசையாகப் பார்த்தபோது, "மலையில ஓட்டவா போறீங்க? அந்த ஸ்பிரிங்கே பாதி பலத்தைத் தின்னுடும்" என்றாள். கடைசியில் நடுக்கம்பி தாழ்ந்து வளைந்த, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற, பச்சை நிற சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"காலைத் தூக்கிப் போட வேண்டாம்மா, உள்ள வெச்சு அப்படியே ஏறிக்கலாம். கியர் இருக்கு. ஏத்தம் வந்தா லேசாக்கிக்கோங்க, காலு சும்மா சுத்திக்கிட்டே இருக்கணும், அழுத்தி மிதிச்சா முட்டிக்குக் கேடு. முதல் வாரம் பத்து நிமிஷம் போதும். ஓட்டும்போது பக்கத்துல இருக்கிறவங்களோட பேச முடியணும், அதுதான் வேகம். பேச்சே வரலைன்னா அதிகம்."

"இவளுக்குப் பேச்சு எப்பவும் வரும்" என்றார் பஞ்சு.

கடைக்காரி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சீட்டை உயர்த்தினாள். குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், முன்பாதத்தை வைத்து ஓட்டும்போது முட்டி லேசாக மடங்க வேண்டும், அதுதான் சரியான உயரம் என்று சொல்லி அவர் மனைவியை ஏற்றி உட்காரவைத்துக் காட்டினாள். பஞ்சு கீழே பார்த்தார். மனைவியின் கால்விரல் நுனிதான் தரையைத் தொட்டது.

"இறக்குங்க."

"சார், இதான் அளவு."

"திடீர்னு நிக்கணும்னா? ரெண்டு காலும் தரையில ஊனணும். இறக்குங்க."

"நிக்கும்போது சீட்டை விட்டு இறங்கித்தான் சார் நிப்பாங்க. சீட்டைத் தாழ்த்தினா முட்டிதான் அவதிப்படும்."

"நீங்க சைக்கிள் விக்கிறவங்க. நான் ரோட்டுல வயசத் தொலைச்சவன்."

இறக்கினார்கள். அதோடு விட்டாரா? இரண்டு பக்கமும் கண்ணாடி, முன்னால் விளக்கு, பின்னால் மினுக்குகிற சிவப்பு, சக்கரத்துக்குச் சக்கரம் பளபளக்கிற தகடு, தலைக்கு மஞ்சள் ஹெல்மெட். எல்லாம் பூட்டி முடித்தபோது அது ஒரு குட்டி ஆம்புலன்ஸ் மாதிரி நின்றது. மனைவி வெட்கப்பட்டாள். ஆனால் ஹேண்டிலைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

கிளம்பும்போது கடைக்காரி அவளைப் பார்த்துச் சொன்னாள். "ஓரத்தோட ஒட்டிப் போகாதீங்கம்மா. மண்ணு, சாக்கடை மூடி, கார்க் கதவு எல்லாம் அங்கதான். ஒரு கை நீளம் தள்ளியே போங்க. பின்னாடி வர்றவன் உங்கள ஒரு வண்டின்னு மதிச்சுத் தாண்டணும். சுவத்துப் பல்லின்னு நினைச்சு உரசிட்டுப் போகக் கூடாது."

பஞ்சுவுக்குச் சுருக்கென்றது. "என்னம்மா பேசுறீங்க? ரோட்டு நடுவுல போகச் சொல்லிக் கொடுக்கிறீங்க. நான் பஸ் ஓட்டுறவன், தெரியுமா?"

"அப்ப பின்னாடி வர்றவரே நீங்கதானா" என்று சொல்லிவிட்டு அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

குடியிருப்புக்குப் பின்னால், லாரிகள் நிற்கிற காலி இடத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பாடம் நடந்தது. பள்ளிக்கூடத்தில் ஓட்டினது, மறக்காது என்று சொன்னவளுக்கு ஏறினதும் ஹேண்டில் பாம்பாக நெளிந்தது. பஞ்சு பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார். இளைக்க வேண்டியவள் உட்கார்ந்து போக, பின்னால் ஓடினவர்தான் இளைத்தார். ஓடிக்கொண்டே பாடம்.

"ஓரம்! ஓரம்! ஓரமா போ!"

"இங்க ஏதுங்க ஓரம்? மைதானம்."

"பழக்கம் வரணும். திரும்பிப் பார்க்காத! தலை திரும்பினா கையும் திரும்பும். பின்னாடி என்ன வந்தாலும் உனக்கு அக்கறை இல்ல. வர்றவன் பார்த்துப்பான்."

டிரைவர் சீட்டில் இருந்து பார்த்து அவர் கற்றுக்கொண்டதெல்லாம் அவ்வளவுதான். சைக்கிள் என்றால் ஓரமாகப் போக வேண்டும், அசையாமல் போக வேண்டும், பஸ்ஸுக்கு வழி விட வேண்டும். அதைத்தான் அவர் அவளுக்குச் சொத்தாக எழுதி வைத்தார். அவளும் பாவம், எழுத்துப் பிசகாமல் கேட்டுக்கொண்டாள்.

சீட்டு விஷயத்தில் மட்டும் கேட்கவில்லை. பத்து நாளில் முட்டி வீங்கி, வெந்நீர்த் துணி போட்டுக்கொண்டு படுத்தவள், ஒருநாள் அவர் வேலைக்குப் போனபிறகு சீட்டை அவளே உயர்த்திக்கொண்டாள். வலி விட்டது. அதைக் கண்டுபிடித்த அன்று வீட்டில் ஒரு வாய்ச்சண்டை. ரொட்டியும் முட்டையும் ஆறிப்போகிற வரைக்கும் பேசினார்கள். கடைசியில் அவள், "முட்டி யாருதுங்க?" என்று கேட்டாள். அதோடு சீட்டு உயரத்திலேயே நின்றது.

ஒரு மாதம் சந்துகளிலும் காலி இடத்திலும் ஓட்டிவிட்டு அவள் தொழிற்சாலைக்கே சைக்கிளில் போக ஆரம்பித்தாள். போகிற வழியில் ரயில் பாதைக்கு மேலே ஒரு பாலம். அதை விட்டால் வேறு வழி கிடையாது. முதல் நாள் பாதி ஏற்றத்தில் இறங்கித் தள்ளினாள். அடுத்த வாரம் உச்சி வரைக்கும் மிதித்துவிட்டாள். அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டு அதைச் சொன்னபோது அவள் குரலே வேறாக இருந்தது. அக்கா எதிர்முனையில் கை தட்டினாள்.

பஞ்சுவுக்கோ அன்றிலிருந்து பஸ் ஓட்டுவது நரகமாகிவிட்டது. ரோட்டில் போகிற சைக்கிளெல்லாம் அவளாகத் தெரிந்தது. மஞ்சளாக எதைப் பார்த்தாலும் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. தொழிற்சாலைக்குள் போய்ச் சேர்ந்ததும் அவள் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்பதால் போன் சில்லறையிடம் இருக்கும். அவன் கூட்டத்துக்கு நடுவிலிருந்து, "அண்ணே, வந்துடுச்சு!" என்று கத்துவான். பயணிகள் ஏதோ குழந்தை பிறந்த செய்தி என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் அவர் கழுத்து ஸ்டியரிங்கில் கட்டிப்போட்ட மாதிரி விறைத்திருக்கும்.

ஒருநாள் காலையில் டிப்போவில் அவருக்கு வேறு வழித்தடம் போட்டார்கள். பாலம் வழியாகப் போகிற டிரைவருக்குக் காய்ச்சல், ஒரு வாரத்துக்கு நீங்க பார்த்துக்கோங்க என்றார்கள். விடியும் முன்பே வந்துவிட்டவருக்கு வீட்டில் சொல்ல நேரமில்லை. இரவெல்லாம் பெய்து ஓய்ந்த மழை. ரோடு கறுப்பாக மின்னியது. அலுவலகம் போகிற கூட்டம் பஸ்ஸில் பிதுங்கியது.

பாலம் ஏறத் தொடங்கும் இடத்தில் அவர் பார்த்துவிட்டார்.

மஞ்சள் ஹெல்மெட். மினுக்குகிற சிவப்பு. இரண்டு முழங்கை. கைப்பிடிச் சுவரோடு ஒட்டி, அவர் சொன்னபடியே, ஓரத்திலும் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தாள். மழை அடித்துக்கொண்டுவந்த மணல் முழுக்க அந்த ஓரத்தில்தான் சேர்ந்திருந்தது. சக்கரம் அதில் இறங்கி இறங்கி ஏறியது. கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாகத் தண்ணீர் போகிற இரும்பு மூடிகள் வேறு.

பஞ்சு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். தாண்டலாம். தினமும் எத்தனை சைக்கிளைத் தாண்டுகிறவர். ஆனால் தாண்டும்போது பஸ்ஸின் பக்கவாட்டில் ஓர் இடம் இருக்கிறது, முன்கண்ணாடியிலும் தெரியாது, பக்கக் கண்ணாடியிலும் தெரியாது. சைக்கிள் அதற்குள் போய்விட்டு வெளியே வருகிற வரைக்கும் டிரைவருக்கு ஆள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அந்த இடத்துக்குள் அவளை அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை.

முதல் கியருக்கு இறக்கினார். பின்னாலேயே போவது என்று முடிவு செய்தார். அதுவும் தூரமாக விட்டால் நடுவில் எவனாவது புகுந்துவிடுவான், புகுந்தவன் அவளை இடிப்பான். ஆகவே நெருங்கியே போனார். பஸ்ஸையே அவளுக்கு ஒரு மதிலாக நிறுத்திக் கொண்டுபோவதாக நினைப்பு.

"என்னண்ணே, பஸ்ஸு நடக்குது?" என்று சில்லறை முன்னால் வந்தான். கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, "அட, அண்ணி!" என்றான்.

"ஹாரன் அடிச்சிடப் போறேன்னு பயமா இருக்குடா. கைய அதுகிட்டயே கொண்டுபோகல."

"தாண்டிடுங்கண்ணே. எதிர்ல காலியாத்தான் இருக்கு."

"நீ பேசாம இரு."

பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு கிளம்பியது. "டிரைவர், தூங்கிட்டீங்களா?" என்றான் ஒருவன். "இறங்கித் தள்ளட்டுமா?" என்றான் இன்னொருவன். பின்னால் வண்டிகள் சேர்ந்து ஹாரன் மேல் ஹாரனாக அலறின. பஞ்சு அசையவில்லை. அவள் மெதுவானால் இவர் பிரேக்கைத் தொட்டார், பிரேக் காற்று புஸ் என்று சீறியது. அவள் நகர்ந்தால் இவர் ஆக்சிலேட்டரை மிதித்தார், எஞ்சின் உறுமியது. ஒருமுறை இரும்பு மூடியில் ஏறி அவள் சைக்கிள் கோணிக்கொண்டு போனபோது அவர் வாய்விட்டே கத்திவிட்டார். அவள் சமாளித்துக்கொண்டாள். உச்சி தாண்டி, இறக்கம் முடிந்து, தொழிற்சாலைச் சாலைக்கு அவள் திரும்பி மறைந்ததும் அவர் உடம்பிலிருந்து என்னவோ கழன்று விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் சில்லறை, "அண்ணே, வந்துடுச்சு!" என்று கத்தினான்.

அன்று முழுக்க அவர் சந்தோஷமாக இருந்தார். இத்தனை நாளில் முதல்முறையாக அவளைத் தன் கண் முன்னாலேயே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். சாயங்காலம் போனதும் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று பஸ் ஓட்டிக்கொண்டே இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். இன்னிக்கு உனக்குக் காவல் யாரு தெரியுமா என்று ஆரம்பிக்கலாம் என்று தோன்றியது. வழியில் அவளுக்குப் பிடித்த கொய்யாப்பழம்கூட வாங்கிக்கொண்டார்.

வீட்டு வாசலில் சைக்கிள் இல்லை.

அவள் சமையலறையில் நின்றுகொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"சைக்கிள் எங்க?"

"கம்பெனியிலயே விட்டுட்டேன். பஸ்ல வந்தேன்." கத்தி நின்றது. "நீங்க சொன்னது சரிதாங்க. எனக்கு இது வேண்டாம். வித்துடலாம்."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"பாலத்துல ஒரு பஸ்காரன். பாவி, என்ன ஜென்மமோ. ஏறினதுலேர்ந்து இறங்குற வரைக்கும் என் முதுகுலயே வந்தான். தாண்டவும் மாட்டேங்கறான், விலகவும் மாட்டேங்கறான். எஞ்சினோட சூடு என் பிடரியில அடிக்குது. புஸ்ஸுபுஸ்ஸுன்னு சீறுறான். ஹாரன் அடிச்சே கொன்னான். திரும்பிப் பார்க்கலாம்னா நீங்க பார்க்காதன்னு சொல்லியிருக்கீங்க. கண்ணாடியில பார்த்தா ரெண்டு லைட்டுதான் தெரியுது, கண்ணு மாதிரி. இறங்கிடலாம்னா, இறங்கினா ஏத்திடுவானோன்னு பயம். அந்த மூடியில சக்கரம் போனப்ப சரி, இதோட முடிஞ்சதுன்னு நினைச்சேன்."

கத்தியைக் கீழே வைத்தாள்.

"போய் ஸ்டூல்ல உட்கார்ந்தா பாட்டில் எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. விரிசல் விட்டதைக்கூட விட்டுட்டேன்னு சூப்பர்வைசர் திட்டினாரு. என்னால முடியாதுங்க. அவனுங்களோட நம்மால போட்டி போட முடியாது."

பஞ்சு கொய்யாப்பழப் பையைக் கையில் பிடித்தபடி நின்றார். அந்த பஸ்காரன் தான்தான் என்று புரிந்துவிட்டது. அதைவிட மோசம், உள்ளே எங்கேயோ ஒரு ஓரத்தில் நிம்மதியாக இருந்தது. இனிமேல் இவள் ரோட்டுக்கு வரமாட்டாள். மஞ்சளைப் பார்த்துப் பதற வேண்டாம். அவர் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. பேசாமல் இருந்தாலே போதும். அந்த நிம்மதியை நினைத்து அவருக்கே தன் மேல் அருவருப்பாக வந்தது. ஆனாலும் பேசவில்லை. முகம் கழுவப் போனார்.

அவர் வருவதற்குள் அக்காவின் போன் வந்துவிட்டது. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேடை மேல் வைத்துவிட்டு மறுபடி பீன்ஸை எடுத்துக்கொண்டாள்.

"என்னடி, இன்னிக்கு எறக்கத்துல காத்து எப்படி இருந்துச்சு?" அக்கா தினமும் கேட்கிற கேள்வி.

"இல்லக்கா. இனிமே ஓட்டல."

எதிர்முனையில் டிவியோ என்னவோ ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது.

"ஏன்டி?"

"பயமா இருக்குக்கா."

"சரி" என்றாள் அக்கா. ஒன்றும் திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. "சரி. உனக்கு எது முடியுமோ அதச் செய். காலைப் பார்த்துக்கோ, என்ன?" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது பாதத்தை மடியில் எடுத்து வைத்து, விரல் விரலாக அமுக்கிப் பார்த்தாள். பஞ்சு துண்டோடு கதவுப்பக்கம் நின்று இந்தத் தடவை பார்த்தார். பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை.

"அந்த பஸ்ஸ ஓட்டினது நான்தான்" என்றார். இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்ததில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

அவள் நிமிர்ந்தாள். "எந்த பஸ்ஸ?"

"பாலத்துல. இன்னிக்கு எனக்கு அந்த ரூட்டு. ஹாரன் நான் அடிக்கல. அது பின்னாடி வந்தவனுங்க. உனக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுன்னுதான் பின்னாடியே வந்தேன்."

அவள் பாதத்தைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று அவர் நினைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

"நீங்களா?" என்றாள் மெல்ல. "என் பிடரியில மூச்சு விட்டது நீங்களா?"

"காவலுக்குத்தான்..."

"நான் செத்துப் பொழச்சேங்க."

"மேலேர்ந்து பார்த்தா நிறைய இடம் விட்டிருக்கிற மாதிரிதான் இருந்துச்சு."

"கீழேர்ந்து பாருங்க ஒருநாள்." அவளுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "எப்பவும் சைக்கிள்காரங்க பின்னாடி இப்படித்தான் போவீங்களா?"

"ச்சே. மத்தவங்கள எல்லாம் தாண்டிட்டுப் போயிடுவேன்."

"அப்ப என்னை மட்டும் ஏன் தாண்டல?"

"நீயாச்சே."

அவள் அவரையே பார்த்தாள். பாட்டில் பார்க்கிற பார்வை அது. பஞ்சு தலையைக் குனிந்துகொண்டார்.

"தாண்டும்போது நீ எனக்குத் தெரியாமப் போயிடுவ. பஸ்ஸோட பக்கத்துல ஒரு இடம் இருக்கு, அங்க வந்தா ஆளே தெரியாது. கொஞ்ச நேரம்தான். ஆனா அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால..."

"எனக்கு அந்தக் கொஞ்ச நேரம் போதும்ங்க. நீங்க போயிட்டா எனக்கு ரோடு கிடைக்கும். போகாம நிக்கிறதுதான் உயிரெடுக்குது." எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள். "நாளைக்கும் அதே ரூட்டா?"

"இந்த வாரம் பூரா."

"காலையில பஸ்ல போய் சைக்கிள எடுத்துக்கிட்டு, திரும்ப பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்து, அங்கேர்ந்து ஓட்டிட்டுப் போறேன். நீங்க என்னைப் பார்த்தீங்கன்னா தாண்டிடணும். தாண்டுவீங்களா?"

எண்ணெய் காய்ந்து பீன்ஸ் சடசடவென்று விழுந்தது.

"கேட்கிறேன்ல?"

"தாண்டுறேன்" என்றார்.

மறுநாள் ரோடு காய்ந்திருந்தது. காற்று மட்டும் பலமாக அடித்தது. பாலம் ஏறும் இடத்தில் மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. இன்றைக்கு அவள் சுவரோடு ஒட்டிப் போகவில்லை. மணலையும் மூடிகளையும் ஒதுக்கிவிட்டு, ஒரு கை நீளத்துக்கு மேலேயே ரோட்டில் வந்து, நேராக மிதித்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை தலையைத் திருப்பிப் பின்னாலும் பார்த்தாள். பார்த்தும் ஹேண்டில் அசையவில்லை. பஸ்ஸைப் பார்த்தாளா, அவரைப் பார்த்தாளா என்று சொல்ல முடியாது. திரும்பிக்கொண்டாள்.

பஞ்சு நல்ல தூரத்திலேயே மெதுவாக்கினார். எதிரே ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தார். பின்னால் ஹாரன் கேட்டது, காதில் வாங்கவில்லை. சில்லறை கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

லாரி போனது. எதிர்ப்பக்கம் காலியானது. பஞ்சு சிக்னலைப் போட்டு, ஸ்டியரிங்கை ஒடித்து, பஸ்ஸை முழுசாக அந்தப் பக்கத்துக்கே கொண்டுபோய் வேகத்தைக் கூட்டினார். முழங்கைகள் கண்ணாடிக்கு நேராக வந்தன. உச்சந்தலை வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. முன்னால் வெறும் ரோடு. பக்கக் கண்ணாடியிலும் வெறும் சுவர். பிரேக்கை மிதிக்கத் துடித்த காலை எடுத்து ஆக்சிலேட்டரில் அழுத்தி வைத்துக்கொண்டார். பஸ் அதன் நீளம் முழுக்கக் கடக்க வேண்டும், கடந்துதான் ஆக வேண்டும்.

பக்கக் கண்ணாடியின் அடியில் முதலில் ஒரு சக்கரம் வந்தது. பிறகு முட்டி, மடங்கி நிமிர்கிற முட்டி. பிறகு அவள் முழுசாக வந்தாள், மிதித்துக்கொண்டு, ரோட்டில் தன் இடத்தில்.

பஞ்சு பஸ்ஸைத் தன் பக்கத்துக்குத் திருப்பிக்கொண்டு, அவளை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த நிறுத்தத்துக்கு ஓட்டினார்.